வாசம் எடுக்கக் கேட்ட நன்கொடை

எங்கள் ஊரில் ஒருவன் சட்டைப் பையில் பேனா வைத்திருந்தால் அவனை ஏதாவது ஒரு சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிடுவார்கள். எனக்குப் பேனாவோடு ஓர் அச்சகமும் இருந்ததால் தப்பிக்க வழியில்லை. போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் ஒற்றை அறை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே ஒரே கம்ப்யூட்டரில் தயாராகின்றன. ஒரு தடவை கண்ணீர் அஞ்சலியின் அடியில் ‘தங்கள் நல்வரவை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்’ என்ற பழைய வரி ஒட்டிக்கொண்டு போய்விட்டது. துக்க வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை. கூட்டம் வழக்கத்தைவிட நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

நான் நிறையப் படித்தவன் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கடை வாசலில் ஆள் வந்து நின்றாலும் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வேன் என்பதற்கு ஊர் கொடுத்திருக்கும் மரியாதையான பெயர் அது. இந்தத் தகுதிகளை வைத்து வாசகர் வட்டத்துக்கும் ரயில் கோரிக்கைக் குழுவுக்கும் செயலாளராக இருந்திருக்கிறேன். வட்டத்தில் மொத்தம் நான்கு பேர். அதில் இருவர் செய்தித்தாளுக்காக வந்தவர்கள். ரயில் மட்டும் எங்கள் குழுவையும் மீறி வந்துவிட்டது. காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வருகிறது, சாயங்காலம் போடியிலிருந்து மதுரைக்குப் போகிறது. மதுரைக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்ப மிகவும் வசதி.

எங்களுக்குத்தான் மதுரையில் வைத்தியம்.

அந்த வருடம் வைத்தியம் தேவைப்பட்டது என் அக்காவுக்கு. பெரியப்பா மகள். வீடு சிலமலையில், வேலை போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைத் தரையில் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்துப் பிரிக்கும் வேலை. காய் பொறுக்குவது என்போம். இருபத்தைந்து வருடம் பொறுக்கியிருக்கிறாள். மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றுவதும் முடிந்து, இனி கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள், நடுவில் விடக் கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். மிஷினுக்கு அடியில் படுப்பது பத்து நிமிடம். அதற்காகப் பஸ்சில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம்.

முதல் வாரம் அப்படித்தான் போனாள். கூடப் போனது என் மனைவி. மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் வேலையாட்களோடு போடி மெட்டு ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். மூன்றாம் நாள் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் அக்காவுக்காக இரண்டு தடவை பஸ்சை நிறுத்த வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேராக அச்சகத்துக்கு வந்து, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

“போதும்டா தம்பி. இந்த நோயில நான் சாக மாட்டேன். பஸ்சுலதான் சாவேன். திங்கக்கெழமையில இருந்து போகல.”

“டாக்டர் விடக் கூடாதுன்னு சொன்னாரேக்கா.”

“அந்தாளு ஆஸ்பத்திரிக்குள்ளயே குடியிருக்காரு. அவருக்கென்ன?”

தங்கலாம் என்றால் லாட்ஜ்களில் தலைமுடி இல்லாதவர்களைக் கண்டதும் அறை காலி இல்லாமல் போய்விடுகிறது. அக்கா போன பஸ்சிலேயே இன்னும் நான்கு பேர் கரண்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். தொண்டையில் நோய் வந்த ஒரு ஜீப் டிரைவர் உட்பட எல்லோருக்கும் இதே கதைதான். அக்காவோடு வந்திருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் நோட்டீசு அடிக்கிறீக. மதுரையில ஒரு ரூமு புடிக்க ஒரு நோட்டீசு அடிச்சா என்ன?”

இப்படியாக மூன்றாவது சங்கம் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்து, போடிப் பக்கத்து நோயாளிகள் இலவசமாகத் தங்க ஏற்பாடு செய்வது நோக்கம். தலைவராக, ஊரில் நாணயமான ஏலக்காய் வியாபாரி என்று பெயரெடுத்த பாய் ஒருவரைக் கேட்டோம். உடனே சரி என்றார். பொட்டிபுரத்து விவசாயி ஒருவர் ரசீதுப் புத்தகம் தூக்க முன்வந்தார். மலையைக் குடைந்து நியூட்ரினோ பிடிக்கப் போகிறார்கள், கதிர் வரும், கத்திரி வரும் என்று முன்பு ஊர்வலம் போனவர். அவருக்கான தட்டியை நான்தான் அடித்துக் கொடுத்தேன். கதிருக்கு ஆதரவாக வீடு வீடாகப் போக அவருக்குச் சங்கடம் இருக்குமோ என்று கேட்டேன். “அது வேற கதிருப்பா, இது ஆஸ்பத்திரிக் கதிரு” என்றார். விஞ்ஞானம் அந்த அளவில் தீர்ந்தது.

மச்சான் ஒரு வாரம் மலைச் சவாரியை விட்டுவிட்டு, ஜீப்பிலேயே அக்காவை மதுரைக்குக் கூட்டிப் போய் வருகிறேன் என்றார். “ஒரு வாரந்தான் மாப்ளே. அதுக்கு மேல விட்டா ஆளுக வேற வண்டி பாத்துக்கிருவாக.” அந்த ஒரு வாரத்துக்குள் வீடு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் அக்கா வைத்தியத்தை நிறுத்திவிடுவாள். அவள் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை.

பணம் திரட்ட நான் ஒரு யோசனை சொன்னேன். என் யோசனைகளுக்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது, அதைத் தலைவர் அறிந்திருக்கவில்லை. கோயில் திருவிழாவில் சாமி பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டால் ஓர் ஆட்டின் விலைக்குப் போகிறது. பழமே அப்படிப் போனால், போடி வியாபாரிகள் நடுவில் முதல் தரமான ஏலக்காயை நல்ல காரியத்துக்காக ஏலம் விட்டால் எங்கே போய் நிற்கும்! தலைவர் ஒரு மூட்டை தருவதாகச் சொன்னார். அரைக் கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டு, மேலே ஒட்ட நான் லேபிள் அடித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைவரின் ஸ்டோர் முற்றத்தில் இருபது வியாபாரிகள் கூடினார்கள். ஏலம் விடக் கம்பீரமான ஆள் ஒருவர் கிடைத்திருந்தார். ஏலக்கூடத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கத் தொடங்குவதற்கு முந்தைய காலத்தில், குரலாலேயே விலையை ஏற்றியவர். பல வருடம் கழித்து அவருக்கு அன்றுதான் வாயைத் திறக்க வாய்ப்பு.

“அரைக் கிலோ! மொதத் தரம்! உசுரு காக்கப் போற காயி! கேளுங்கண்ணே!”

யாரும் கேட்கவில்லை. முன் வரிசையிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு பாக்கெட்டை வாங்கி, என் லேபிளைக் கிழித்து, காயை உள்ளங்கையில் கொட்டியது. உருட்டியது. ஒரு காயை நகத்தால் பிளந்து, உள்ளிருந்த அரி விதையைப் பல்லில் வைத்துக் கடித்தது. கைக்குச் சொந்தக்காரர் பெரிய வியாபாரி. தலையை லேசாக ஆட்டினார்.

“ஈரம் நிக்குது.”

அவ்வளவுதான். இருபது பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

“பருமன் இருக்கு. பச்சை பத்தாது.”

“பாய், இது போன வாரத்துக் காயில்ல?”

“ஈரமா?” தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “எங்கிட்ட ஈரக் காயா? எங்க, இங்கிட்டு கொண்டா!”

அடுத்த அரை மணி நேரம் அங்கே நோயும் இல்லை, மதுரையும் இல்லை. காயின் ஈரம் மட்டும்தான் இருந்தது. கடைசியில் முதல் பாக்கெட் அன்றைய மார்க்கெட் விலைக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. இரண்டாவது அதற்கும் குறைவாக. தன் காய் இப்படி அடிமட்ட விலைக்குப் போவதைத் தலைவரால் பொறுக்க முடியவில்லை. மிச்சம் முழுவதையும் தானே விலை கூடக் கேட்டு எடுத்துக்கொண்டார். தானமாகக் கொடுத்ததைத் தானே விலைக்கு வாங்கினார் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. குறிப்பாக நான் சொல்லவில்லை.

ஏலம் விட்டவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி, கோயில்ல எலுமிச்சம்பழம் எடுக்குறவன் எலுமிச்சம்பழ வியாபாரியா?”

“இல்லண்ணே.”

“அப்பறம்? காயை வெல கூடக் குடுத்து எடுத்தான்னு தெரிஞ்சா நாளைக்கு மலையில ஒரு பய மதிப்பானா? காய் தெரியாதவன்னு பேராயிரும். சும்மா கேட்டிருந்தாக் குடுத்திருப்பாங்கெ. நீ காயைக் காட்டிக் கேட்ட.”

பின்னால் நிழலில் முந்தானையால் மூக்கைப் பொத்தி உட்கார்ந்திருந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லவேள, என்னயத் தூக்கி வச்சு ஏலம் விடல. ஈரம் நிக்குதுன்னு தள்ளி வச்சிருப்பாக” என்றாள்.

மறுநாள் காலை, ஈரம் என்று முதலில் சொன்ன அந்த வியாபாரி அச்சகத்துக்கு வந்தார். அவரை இனி ஈரக்காரர் என்றே சொல்கிறேன். ஊரிலும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொன்னார்கள்.

“தம்பி, நேத்து நான்தான் மொதல்ல வாயத் தொறந்தேன். பழக்கதோசம். ராத்திரி வீட்டுல சொன்னேன், அவ என்னய வைக்காத வசவில்ல.” கொஞ்ச நேரம் கட்டிங் மிஷினைப் பார்த்தார். “மதுரையில நம்ம பழைய ஸ்டோரு ஒண்ணு கெடக்கு. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு பின்னால. கீழ பேப்பர் கடைக்கு விட்ருக்கேன். மாடி நாலு வருசமாப் பூட்டிக் கெடக்கு. எடுத்துக்கங்க. வாடகை வேண்டாம்.”

கமிட்டி முழுவதும் தலைவரின் காரில் திணிந்துகொண்டு மதுரைக்குப் போய் மாடியைப் பார்வையிட்டது. இரண்டு பெரிய அறை, ஒரு சமையல் இடம், குழாயில் தண்ணீர், கக்கூசு, மேலே மொட்டைமாடி. சன்னல் மட்டும் அறைக்கு ஒன்றுதான். படிகளை எண்ணினோம், கதவைத் திறந்து மூடினோம், சுவரைத் தட்டிப் பார்த்தோம். பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்ததாக நான் தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். அந்த வார முடிவுக்குள் ஆறு கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பால் காய்ச்சினாள். அக்காவும் அவளும் குடியேறினார்கள். நான் போடிக்கு வந்து ஒரு மத்தியானம் நிம்மதியாகப் புத்தகம் படித்தேன்.

புதன்கிழமை அக்காவிடமிருந்து போன்.

“தம்பி, இந்த வீட்டுல ஏலக்காய் வாடை கொல்லுதுடா. ரெண்டு நாளாச் சோறு எறங்கல. வாயில வச்சா வெளிய வருது.”

“வீடு நாலு வருசமாக் காலியால்ல கெடந்துச்சு?”

“செவுத்துக்குள்ள இருக்குடா. இருவத்தஞ்சு வருசம் மூட்டைக்கு நடுவுலயே ஒக்காந்து பொறுக்குனேன், ஒரு நா வாசம் தெரிஞ்சதில்ல. மருந்து ஏத்துனதுல இருந்து மூக்கு நாய் மூக்கா மாறிப் போச்சு. வெள்ளிக்கெழம ஊருக்கு வர்றேன். வந்தா அதோட சரி.”

ஆறு வாரத்தில் மூன்றாவது வாரம்கூட முடியவில்லை.

வியாழக்கிழமை தலைவர், ஈரக்காரர், பொட்டிபுரத்துக்காரர், நான் என்று நான்கு பேர் போனோம். அக்கா மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வர மறுத்துவிட்டாள். நாங்கள் பெரிய அறையின் நடுவில் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு விடைக்க மூச்சை இழுத்தோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் யோகா வகுப்பு என்று நினைத்திருப்பார்கள்.

“ஒண்ணும் தெரியலயே,” என்றார் தலைவர்.

“பினாயில் வாடை லேசா,” என்றார் பொட்டிபுரத்துக்காரர்.

ஈரக்காரர் மறுபடி ஒரு தடவை இழுத்தார். “நல்ல காத்துதான்.”

எனக்கும் எதுவும் தெரியவில்லை. தலைவர் குரலைத் தாழ்த்தி, “பாவம், நோயாளி. மனசுல இருக்கும் போல” என்றார்.

“மனசுலயா?” படியிலிருந்து குரல் வந்தது. “பாய், நீங்க நாலு பேரும் மூக்கப் போடியிலயே கழட்டி வச்சிட்டு வந்துட்டீக!”

அந்த நேரத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். நடு வயது ஆள், மதுரைக்காரர். கேனை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

“என்னண்ணே, வீட்டுல விசேசமா? பாயாச வாசம் தெரு வரைக்கும் வருது.”

அவர் காலி கேனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

போடியில் மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கான ஓர் உறுப்பு. தெருவில், பஸ்சில், ரூபாய் நோட்டில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பையில் எல்லாம் அந்த வாசம் இருப்பதாக வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நான் அடித்துக் கொடுக்கும் பத்திரிகைகள் மணக்கின்றன என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பல வருடம் அதை என் தொழில் திறமைக்குக் கிடைத்த பாராட்டாகவே வைத்திருந்தேன். அப்படிப்பட்ட நாங்கள்தான், வாடை பொறுக்க முடியாத நோயாளிகளுக்கு வீடு பார்க்க, மூக்கு செத்த ஒரு கமிட்டியாகப் போய், ஏலக்காய்க் கிடங்கைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

ஈரக்காரர் சுவரை நகத்தால் சுரண்டி, மூக்கில் வைத்துப் பார்த்தார். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கு புரிந்துவிட்டது. “நாப்பது வருசம் மூட்டை சாத்துன செவுரு. பூச்ச உரிச்சாத்தான் போகும்” என்றார்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். “மொட்டமாடியில ஒரு படுதாவக் கட்டிக் குடுங்க. நான் அங்ஙன கெடந்துக்கிறேன். ஆனா நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கொத்தனாரு வந்து செவுத்துல கை வைக்கணும். வைக்கலன்னா நான் பஸ்சு ஏறிருவேன்.”

எனக்கு ஒரு நாள் இருந்தது. ஏலத்தில் வந்தது கட்டில் வாங்கவே சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதியில் இறங்கினேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வாசகம் யோசித்தேன். அச்சடிக்கிறவனுக்கு வாசகம் முக்கியம். ஒன்றும் தோன்றாமல், முதல் கடையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சொல்ற? ஏலக்காய் வாசத்த எடுக்கிறதுக்கு நன்கொடையா?”

“ஆமாண்ணே.”

“ஒலகம் பூரா இந்த வாசத்துக்குத்தான்யா காசு குடுக்குது. அரபு நாட்டுல இருந்து ஆளு வர்றான். நீ அத எடுக்கக் காசு கேக்குற?”

“ஆமாண்ணே.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டார். “மாப்ளே, இங்க வாடா! நம்ம சரக்கு நாறுதாம். அதப் போக்கணுமாம்!” எதிர்க் கடைக்காரரும் வந்து சிரித்துவிட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு செய்தி எனக்கு முன்னால் போனது. நான்காவது கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் பணத்தை நீட்டி, “வாசத்துக்குத்தானே?” என்றார்கள். வாசத்தை எடுப்பதற்கு மார்க்கெட் விலை என்று ஒன்று கிடையாது. அதனால் யாராலும் குறைத்துக் கேட்க முடியவில்லை. ஜீப் ஸ்டாண்டிலும் கொடுத்தார்கள். அக்காவோடு காய் பொறுக்கும் பெண்கள் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தி, “அண்ணே, நெசமாவே அம்புட்டு வாடையா அடிக்குது நம்ம மேல?” என்று தன் சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்துக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

ஒரு விஷயம் என் தொழில் அனுபவத்துக்குப் புதிதாக இருந்தது. டியூப் லைட் கொடுத்தால், வெளிச்சம் வராத அளவுக்கு அதன் மேலேயே பெயரை எழுதுகிற ஊர் இது. அதனால்தான் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. நன்கொடையாளர் பெயர்ப் பலகை ஒன்றைச் சும்மா அடித்துத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. “நம்ம பேரு அங்க எதுக்கு தம்பி? பொண்ணு பாக்க வர்றவன் கண்ணுல பட்டா, குடும்பத்துல யாருக்கோ இருக்கு போலன்னு நெனப்பான்” என்றார் ஒருவர். பணம் கொடுத்ததில் இரக்கம் இருந்தது. பெயர் கொடுக்காததில் பயம் இருந்தது. இரண்டும் ஒரே சட்டைப் பையிலிருந்துதான் வந்தன. ரசீதுகளில் ‘ஒரு நண்பர்’ என்று எழுதி எழுதி, அன்று மத்தியானத்துக்குள் எனக்கு ஊரெல்லாம் நண்பர்கள்.

கொத்தனாரைப் போடியிலிருந்து கூட்டிப் போகலாம் என்று பொட்டிபுரத்துக்காரர் சொன்னபோது, கமிட்டியின் வரலாற்றில் முதல் முறையாக நான் ஓர் உபயோகமான வார்த்தை பேசினேன். நம் ஊர் மூக்குக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது, மதுரை ஆளாகப் பாருங்கள் என்றேன். நாலரை மணிக்கு மதுரைக் கொத்தனார் முதல் அடியை அடித்தார். அக்கா வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பூச்சு ஒரு பெரிய தகடாகப் பெயர்ந்து விழுந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பையைத் தூக்கி மொட்டைமாடிக்குப் போனாள்.

இரண்டு வாரம் அங்கேதான் இருந்தாள். மச்சான் எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்து கட்டிய பச்சை வலையும் படுதாவும் கூரை. பகலில் வெக்கை, விடிகாலையில் பனி. என் மனைவிக்கு ஜலதோஷம் பிடித்தது. அக்காவுக்குச் சோறு இறங்கத் தொடங்கியது. கரண்டு முடிந்து வந்ததும் தினமும் அறை வாசலில் வந்து நிற்பாள். கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அவள் கண்ணைச் சுருக்கி ஒரு தடவை மூச்சை இழுப்பாள். ஸ்டோரில் காய் பொறுக்கும்போது இருக்கும் அதே முகம்.

“இந்தச் செவுரு தேவல. சன்னல் செவுத்துல இன்னும் வாடை நிக்குது.”

கொத்தனார் சன்னல் சுவரை உரிப்பார். அந்த ஆள் போடி வியாபாரிகளிடம் காட்டாத மரியாதையை அவளிடம் காட்டினார். எல்லாச் சுவரும் செங்கல் தெரிய நின்ற பிறகும் அவள் தலையை ஆட்டவில்லை. பரணைக் காட்டினாள். பழைய பலகைகள். அதையும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் வந்து நின்றாள், இழுத்தாள். “ம், பூசிக்கங்க” என்றாள்.

ஆறாவது வாரம் அறைக்குள் வந்தாள். தொண்டையில் வந்த ஜீப் டிரைவரும் அவர் மனைவியும் அடுத்த அறையில் சேர்ந்தார்கள். அவரால் பேச முடியாது. ஆனால் சுவரைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். கமிட்டி அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்துகொண்டது.

கடைசி வெள்ளிக்கிழமை அழைத்துவர நான் போனேன். தலைவரும் ஒரு பொன்னாடையோடு வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தோம். அக்கா வெளியே வந்தாள். கையில் சீட்டு.

“முடிஞ்சிருச்சாம்டா. நாளைக்கு வர வேணாமாம்.”

“நாளைக்குச் சனிக்கிழமை. எப்பவுமே கெடையாதுல்லக்கா.”

“திங்கக்கெழமையும் வேணாமாம்” என்றாள். பிறகு என்னையே கேட்பது போல, “அப்ப திங்கக்கெழம எனக்கு என்னடா சோலி?” என்றாள்.

தலைவர் பொன்னாடையை எடுத்தார். அவள் அதைத் தொட்டுப் பார்த்து, “கெட்டியா இருக்கு பாய். கட்டிலுக்குப் போர்வை ஒண்ணு கொறையுது” என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாடி வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு பெண் மகளோடு வந்து உட்கார்ந்திருந்தாள். பொட்டிபுரத்துப் பக்கம். திங்கட்கிழமை அவளுக்கு முதல் நாள். அக்கா அவளிடம் சாவியைக் கொடுத்தாள், பொன்னாடையை விரித்தாள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொன்னாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “ஆத்தா, தாங்க முடியுமா?” என்று கேட்டாள்.

“படுக்குறது பத்து நிமிசம். அதுல ஒண்ணுமில்ல. மிச்ச நேரந்தான் போகாது. மொட்டமாடிக்குப் போயி ஒக்காரு, காத்து நல்லா வரும். மோர் குடி. பெயிண்டு வாடை அடிச்சாச் சொல்லு, இந்தா நிக்கிறான் பாரு எந்தம்பி, இவன்ட்டச் சொன்னா ஊரே வந்து மோந்து பாக்கும்.”

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அவளுடைய துணி மூட்டையும் பாத்திர மூட்டையும் என் கையில். பாதிப் படியில் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். நானும் நின்று, மூச்சு வாங்குகிறதா என்று அவளைக் கேட்க வாயைத் திறந்தேன்.

“எனக்கில்லடா” என்றாள். “ஒனக்குத்தான் எரைக்குது. வெரசா வராத, மெல்ல வா.”